ஒரு சாண் தூரம்

என் இடது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில், தீப்பெட்டியைவிடச் சற்றுச் சிறியதாக ஒரு பேஸ்மேக்கர் இருக்கிறது. பிப்ரவரிக் கடைசியில் வைத்தார்கள். டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் ஹிந்தியில் சொன்னது கொஞ்சம்தான். காந்தம் எதுவானாலும் மெஷினிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். மொபைலை வலது காதில் வைத்துப் பேசுங்கள். ஒரு மாதம் போனால் ஆபீஸ், ட்ரெயின், சமையல் எல்லாம் பழையபடி.

அந்த ஒரு சாணை என் கணவர் வீடு இருக்கும் செம்பூரிலிருந்து ஆபீஸ் இருக்கும் வி.டி. ஸ்டேஷன் வரைக்கும் நீட்டிவிட்டார்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. மாடுங்கா கடையில் வருஷா வருஷம் கொடுக்கும் தினசரி காலண்டரில் கிழித்த தாளை எறியமாட்டார். கிளிப்பில் சேர்த்துவைத்துப் பின்பக்கத்தில் பட்டியல் எழுதுவார். பால், காய், கரண்ட் பில். இப்போது அந்தத் தாள்களில் நான் தொடக்கூடாதவை வர ஆரம்பித்தன. மிக்ஸி. இண்டக்ஷன் அடுப்பு. காந்தப் பட்டன் வைத்த என் ஹேண்ட்பேக். ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பருக்குள் காந்தப் பட்டை இருக்கிறது என்று வாட்ஸப்பில் படித்துவிட்டு ஃப்ரிட்ஜையும் சேர்த்தார். ஐம்பத்திரண்டு வயதில், சொந்த வீட்டில், கொஞ்சம் தயிருக்கு நான் ஆளைக் கூப்பிட வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மார்ச் கடைசியில், ஒரு சனிக்கிழமை காலை, ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு கடிதம் ஒட்டியிருந்தது. செலோடேப் போட்டு. கதவிலிருந்த காந்தப் பொம்மைகளையெல்லாம் அவர் வாசலுக்கு வெளியே செருப்பு ஸ்டாண்டுக்குக் கடத்தியிருந்தார். என் ஆபீசுக்கு, என் பெயரில், அவரே டைப் அடித்த விருப்ப ஓய்வுக் கடிதம். கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். திங்கட்கிழமை நான் வேலைக்குத் திரும்ப வேண்டிய நாள்.

"ட்ரெயினுக்கு அடியில எவ்ளோ பெரிய மோட்டார் இருக்கு, தெரியுமா நோக்கு? அவ்வளவும் மேக்னட்!"

"டாக்டர் போகலாம்னாரே."

"அவருக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவார். டென்ஷன் யாருக்கு?"

டாக்டர் பேச்சே எடுபடவில்லை என்றால் என் பேச்சு எங்கே எடுபடப்போகிறது. இருபத்தெட்டு வருஷம் ஹார்பர் லைன் ட்ரெயினில் இடிபட்டுச் சம்பாதித்த வேலை. அதை ஒரு செலோடேப் துண்டு முடித்துவைப்பதா? நேராகச் செருப்பு ஸ்டாண்டுக்குப் போனேன்.

அங்கே எதிர் ஃப்ளாட் குழந்தையின் பிறந்தநாளுக்கு நான் ஸ்டேஷன் ரோட்டில் வாங்கிய மீன்பிடி விளையாட்டுச் சாமானும் கிடந்தது. தூண்டிலின் நுனியில் பொட்டு மாதிரி ஒரு காந்தம். பிளாஸ்டிக் மீன்களின் வாயில் ஒரு துளி இரும்பு. பாலக்காட்டு வழி வந்த எங்கள் சைவ வீட்டுக்குள் நுழைந்த முதல் மீன் அதுதான். அதையும் நாடு கடத்தியிருந்தார்.

சாப்பாட்டு மேஜையில் மீனை வைத்தேன். காலண்டர் தாள் கட்டை எடுத்துக்கொண்டேன்.

"என்ன பண்றே? தள்ளி வை!"

"கையை நீட்டிண்டுதான் பண்றேன். நீங்களே அளந்து பாருங்கோ."

ஒரு தாளுக்கு மேலே காந்தம், கீழே மீன். மீன் தொங்கியது. பத்துத் தாள் சேர்த்தேன், தொங்கியது. ஜனவரி முப்பத்தொன்றும் முடிந்தது, அப்போதும் ஊசலாடிக்கொண்டிருந்தது. பட்டியல்காரருக்கு எண்ணிக்கை என்று வந்தால் கை சும்மா இருக்காது. நான் கேட்காமலே ஒவ்வொரு தாளாக அவரே செருக ஆரம்பித்தார். பிப்ரவரி ஒன்பதாம் தேதியைச் செருகியதும் மீன் பொத்தென்று விழுந்தது.

"காகிதம் தடுக்கறது," என்றார்.

எல்லாத் தாளையும் எடுத்துவிட்டு, அந்தக் கட்டின் உயரத்துக்குச் சற்று மேலே காந்தத்தை வெறும் காற்றில் பிடித்தேன். அவர் ஸ்கேலைக் கொண்டுவந்து குனிந்து பார்த்தார். மூன்று மில்லிமீட்டர்தான். மீன் அசையவில்லை.

இரும்புக்குள்ளே எண்ணற்ற குட்டிக் குட்டிக் காந்தங்கள் இருக்கின்றன. குர்லா பிளாட்பாரத்துக் கூட்டம்போல ஆளுக்கொரு திசை பார்த்து நிற்கும். காந்தம் கிட்டே வந்தால் வண்டி வந்த மாதிரி ஒரே பக்கம் திரும்பும். விலகிப் போனால் கலைந்துவிடும். அந்த இழுப்பு தூரத்தில் சீராகக் குறைவதில்லை, சரசரவென்று சரிகிறது. என் மெஷினும் அப்படித்தான். காந்தத்தை நெஞ்சில் ஒட்டி வைத்தால் என் இதயம் சொல்வதைக் கேட்காமல் மெஷின் ஒரே தாளத்தில் தட்டும், எடுத்தால் பழையபடி. ஆஸ்பத்திரியில் சோதிப்பதே அப்படித்தான். ரயில் மோட்டாரோ பெட்டிக்கு அடியில், சக்கரத்தோடு. நான் நிற்பது மேலே, என் நெஞ்சு அதற்கும் மேலே. எத்தனை சாண் என்று அவரையே எண்ணச் சொன்னேன்.

அவர் எண்ணவில்லை. மீனைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"நீ விழுந்ததை நீ பார்க்கலை," என்றார். "தாழ்ப்பாளை உடைச்சுண்டு உள்ளே போனது நான். பைப் ஓடிண்டே இருந்தது. கூப்பிட்டேன், கூப்பிட்டேன், பதிலே இல்லை."

பிப்ரவரியில் நான் மயங்கி விழுந்த பாத்ரூமைப் பற்றி அவர் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் பயந்தது காந்தத்துக்கு அல்ல. ஆனால் அவர் பயத்துக்கு மருந்தாக நான் வீட்டில் உட்கார முடியாது. அதையும் சொன்னேன். அவர் மீனை அதன் பெட்டியில் வைத்தார்.

திங்கட்கிழமை அவர் பால் வாங்கப் போயிருந்தபோது கடிதத்தைப் பிய்த்தெடுத்துப் பின்பக்கத்தில் என் பட்டியலை எழுதினேன். செருப்பு ஸ்டாண்டிலிருந்து ஒரு காந்தப் பொம்மையைக் கொண்டுவந்து, கையை நன்றாக நீட்டி, அதைக்கொண்டே தாளை ஃப்ரிட்ஜ் கதவில் மாட்டினேன்.

நான் செருப்பு மாட்டும்போது அவர் திரும்பி வந்து, பால் பையோடு நின்று படித்தார்.

ஃப்ரிட்ஜை நானே திறப்பேன்.

ட்ரெயினில்தான் போவேன்.

பாத்ரூம் கதவை இனிமேல் தாழ்ப்பாள் போடமாட்டேன்.

மூன்றாவது வரியை இரண்டு தரம் படித்தார் என்று நினைக்கிறேன். லோக்கல் ட்ரெயினுக்கு நேரமாகிவிட்டது, நான் கிளம்பினேன்.