மதிய வெயிலுக்கு அனுமதி

என் மனைவி சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை செய்கிறாள். முதலியார்பேட்டையில் இருட்டோடு கம்பெனி பஸ் ஏறினால், தெருவிளக்கு எரிந்த பிறகுதான் வீடு திரும்புவாள். பகல் முழுக்க ஜன்னல் இல்லாத ஷெட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சம்தான்.

போன மழைக்காலத்தில் அவளுக்கு வைரஸ் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டும் இருமலும் அசதியும் போகவில்லை. எங்கள் பக்கத்து கிளினிக்கில் டாக்டரம்மா ரத்தம் எடுக்கச் சொன்னார். வைட்டமின் டி, இரும்புச்சத்து இரண்டுமே குறைவு.

"இது கம்மியா இருக்கவேதான் காய்ச்சல் வந்துச்சா டாக்டர்?" என்று கேட்டாள்.

"அப்படி அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. காய்ச்சல் நேரத்துல சிலது தானாவே எறங்கிக் காட்டும். நல்லா தேறி வா, திரும்பப் பாக்கலாம்."

தேறியபின் பார்த்ததில் இரும்புச்சத்து சரியாகியிருந்தது. வைட்டமின் டி ஏறவே இல்லை. மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, "வெயில்லயே படமாட்டியா?" என்றார் டாக்டர்.

நானாயிருந்தால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு சும்மா இருந்திருப்பேன். அவளோ வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசனையாகவே வந்தாள். "எங்க லைன்ல எல்லாரும் என்ன மாதிரிதாங்க. யாருமே வெயிலப் பாக்கறதில்ல," என்றாள்.

மறுநாளே மேனேஜரிடம் போய் நின்றிருக்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் லைனில் இருப்பவர்கள் எல்லாரும் வெளியே வெயிலில் உட்கார அனுமதி வேண்டும் என்று. கூட்டம் கூடினால் வேலை கெடும் என்று அவர் தயங்கினார்.

"பெல் அடிச்சா உள்ள இருப்போம் சார். ஒருத்தி லேட்டா வந்தாலும் என்னக் கேளுங்க."

அந்தப் பேச்சுக்கு அவர் இறங்கிவந்தார். அதைவிடக் கஷ்டம் கூட இருந்தவர்களை வெளியே கொண்டுவருவது. "கருத்துடுவேன்க்கா, எனக்கு மாப்ள பாக்கறாங்க," என்றாளாம் ஒரு பெண். "அசதியில தூங்கி வழிஞ்சுக்கிட்டே மணவறையில உக்காரப் போறியா?" என்று இவள் கேட்க, அத்தனை பேரும் சிரித்து, அந்தப் பெண்ணும் எழுந்து வந்துவிட்டாள். இப்போது ஷெட்டுக்குப் பக்கத்தில் சிமெண்ட் பெஞ்சே போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த வருடமும் மழைக்காலத்தில் சளிக்காய்ச்சல் பரவியது. அவளும் படுத்தாள். எனக்குத்தான் ஏமாற்றம். "இவ்வளவு பண்ணியும் வந்துடுச்சே?" என்றேன்.

"வெயில்ல உக்காந்தா காய்ச்சலே வராதுன்னு நான் எப்பங்க சொன்னேன்?" போர்வைக்குள்ளிருந்து முகத்தை நீட்டிச் சிரித்தாள். "ஒடம்புல இருக்க வேண்டியது இருக்கட்டும்னுதான்."

செய்த காரியத்தை ஒரு பிடி கூட்டிச் சொல்லத் தெரியாதவள். எனக்கு அவளிடம் மிகவும் பிடித்தது அதுதான். எழுந்து நடமாடத் தொடங்கியதும் டாக்டர் மறுபடி பார்த்தார். வைட்டமின் டி போதுமான அளவு இருந்தது. மாத்திரையைக் குறைத்தார். அடுத்த திங்கட்கிழமை வழக்கம்போல இருட்டில் பஸ் ஏறினாள்.