காலை விட்டு மேலே ஏறிய வலி

குறுவை அறுப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயம். மாமியாரைப் பாபநாசத்தில் கண் டாக்டரிடம் காட்டிவிட்டு ஸ்கூட்டரில் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வழியில் வாய்க்காலுக்கு மேல் ஒரு குறுகலான பாலம். எதிரே அறுவடை மிஷின் வந்ததால், அது போகட்டும் என்று பாலத்துக்கு முன்னாலேயே வலப்பக்கம் ஓரம் கட்டி வலது காலை ஊன்றினேன். ஊன்றியதாகத்தான் நினைத்தேன். பாதம் தரையைத் தொட்டதா இல்லையா என்றே தெரியவில்லை. முட்டி மடங்கியது. வண்டியும் நானும் மாமியும் வாய்க்கால் கரைச் சரிவில் போய் விழுந்தோம்.

தண்ணீர் கரைமுட்ட ஓடிக்கொண்டிருந்தது. மாமியின் செருப்பு ஒன்று அதில் போவதைப் பார்த்தேன். மாமியே போயிருந்தால் என்ற நினைப்பு அப்போது வரவில்லை. பிறகுதான் வந்தது, வந்து பல நாள் போகவில்லை. மிஷின் ஓட்டியவர் குதித்து ஓடிவந்து மாமியைக் கைத்தாங்கலாக மேலே ஏற்றினார். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா, நீ எந்திரி" என்றார் மாமி.

என்னால் எழ முடியவில்லை. வலது பாதம் யாருடையதோ மாதிரி கிடந்தது.

என் வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார். பையன் கோயம்புத்தூரில் படிக்கிறான். வீட்டில் நானும் மாமியும்தான். பக்கத்து ஊர்ப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். விழுவதற்குச் சில வாரம் முன்பிருந்தே வலது புட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்பக்கமாக இறங்கிக் கெண்டைக்கால் வரைக்கும் ஒரு வலி. கம்பியைப் பழுக்கக் காய்ச்சி உள்ளே விட்டு இழுத்தால் எப்படி இருக்கும், அப்படி. நாள் முழுக்க நின்று பாடம் நடத்துவதால் என்று நினைத்தேன். ஸ்டாஃப் ரூமில் ஒரு டீச்சர் போனில் வீடியோ ஒன்றை அனுப்பினார். காலை நீட்டி உட்கார்ந்து, குனிந்து, கட்டைவிரலைத் தொட வேண்டும்.

"நரம்பு சுருண்டு கெடக்குது டீச்சர். இழுத்து விட்டா சரியாப்போயிடும்" என்றார்.

நானும் விடாமல் இழுத்தேன். வலித்த அளவுக்கு நரம்பு நீள்கிறது என்று நம்பினேன். கெண்டைக்காலோடு நின்ற வலி பாதத்துக்கு இறங்கியது. பிறகு பாதம் மரத்துப்போக ஆரம்பித்தது. அந்த நிலையில்தான் வண்டி ஓட்டிப் போயிருக்கிறேன்.

விழுந்த பிறகு தஞ்சாவூரில் காட்டினேன். எலும்பு டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். இடுப்பில் எலும்புகளுக்கு நடுவே இருக்கிற தட்டு பிதுங்கி, காலுக்குப் போகிற நரம்பை அழுத்துகிறது என்றார். "ஆபரேஷனா டாக்டர்?" என்று கேட்டேன். "இப்ப வேண்டாம். மாத்திரை சாப்பிடுங்க, பிசியோதெரபி போங்க. கால் பலம் இன்னும் குறைஞ்சா அப்ப பார்க்கலாம்" என்றார். 'இப்ப' என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வீடு வரைக்கும் பயந்துகொண்டே வந்தேன்.

பிசியோதெரபிஸ்ட் என்னைவிட வயதில் சிறிய பெண். கும்பகோணத்தில் மாடியில் ஒரு அறை. என் கால் கட்டைவிரலைத் தன் விரலால் அமுக்கிக்கொண்டு, "தூக்குங்கம்மா" என்றார். இடது எழுந்தது. வலது லேசாக நடுங்கியதே தவிர எழவில்லை. அவர் முகத்தையே பார்த்தேன். அது மாறவில்லை. மாறாதது இன்னும் பயமாக இருந்தது.

"குனிஞ்சு தொடுற அந்தப் பயிற்சிய இனிமே தொடவே தொடாதீங்க. குப்புறப் படுங்க. முழங்கைய ஊன்றி நெஞ்சை மட்டும் மெதுவா தூக்குங்க. பழகினதும் கையை ஊன்றிக்கலாம். அப்புறம் நாற்காலியில உக்காந்து முட்டிய மெல்ல நீட்டி மடக்குங்க. இழுக்கக் கூடாது, சும்மா போயிட்டு வரணும்."

எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டு, நான் எழுந்த பிறகு சொன்னார்: "ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க. ஒண்ணுக்குப் போறதுல சிரமமோ, தொடை இடுக்குல உணர்ச்சி இல்லாமப் போறதோ, கால் சட்டுன்னு தொங்கிப் போறதோ இருந்தா, எனக்கு போன் பண்ணிட்டிருக்காதீங்க. நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க."

அவர் சொல்ல வேண்டியதைத்தான் சொன்னார். ஆனால் எனக்குப் பயிற்சியெல்லாம் மறந்து அது மட்டும் நின்றது. பாத்ரூமுக்குள் போனாலே தடையில்லாமல் வருகிறதா என்று கவனிப்பேன். துண்டால் துடைக்கும்போது தோலில் உறைக்கிறதா என்று பார்ப்பேன். குவைத்திலிருந்து போன் வந்தால், "பரவாயில்லங்க" என்பேன். அவர் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவாரோ என்று ஒரு பயம். வராமல் இருந்துவிட்டால் என்ன செய்வது என்று இன்னொரு பயம்.

பயிற்சி செய்யவும் நடுக்கம்தான். ஒருமுறை இழுத்துக் கெடுத்துக்கொண்டவளுக்கு எந்த அசைவை நம்புவது? ஹாலில் பாயை விரித்து, குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றாமல் அப்படியே கிடப்பேன். மாமி அதைக் கவனித்திருக்கிறார். ஒருநாள் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "நான் இருக்கேன். நீ செய்" என்றார். என்னிடம் அதிகம் பேசுகிறவர் இல்லை. பிறகு தினமும் வந்து உட்கார்ந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். பள்ளிக்கு மெடிக்கல் லீவு போட்டிருந்தேன். முழங்கையிலிருந்து உள்ளங்கைக்கு மாறி, கையை ஊன்றி நெஞ்சைத் தூக்கினேன். நடு இடுப்பில் சுருக்கென்று ஒரு வலி, மூச்சு நின்றது. கீழே படுத்தேன். அப்போதுதான் உறைத்தது: காலில் வலியே இல்லை. கெண்டைக்காலில் இல்லை, தொடையில் இல்லை. இத்தனை நாள் ஒரு நிமிஷம்கூட விடாத வலி எங்கே போயிற்று? நரம்பு அறுந்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டேன்.

"மாமி! கால் வலிக்கலை மாமி! வலியே தெரியலை!"

நான் கத்திய கத்தலில் மாமி முக்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. வலிக்கவில்லை என்று எந்த மருமகளாவது அழுவாளா? ஆனாலும் குனிந்து என் பாதத்தைப் பிடித்து, நறுக்கென்று கிள்ளினார்.

"தெரியுதா?"

"ஆ... தெரியுது."

"இங்க?"

"தெரியுது."

"அப்புறம் என்ன? கால் இருக்குதும்மா. போனைப் போடு அந்தப் பொண்ணுக்கு."

போனைப் போட்டேன். நான் அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டுவிட்டு, அந்தப் பெண் நிதானமாகக் கேட்டார். ஒண்ணுக்குப் போக முடிகிறதா? முடிகிறது. தொடை இடுக்கில் உணர்ச்சி இருக்கிறதா? இருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலில் நிற்க முடிகிறதா? மாமி தோளைப் பிடித்து நின்றேன். வலது பாதம் கொஞ்சம் எழுந்தது.

"அம்மா, இது கெட்டுப் போறதில்ல, சரியாகிறது. கீழ இறங்கின வலி திரும்ப மேல ஏறுது. இடுப்புல வலி கொஞ்ச நாள் கூடத்தான் செய்யும். காலை விட்டுப் போச்சா, அதுதான் நமக்கு வேணும். முதல்லயே நான் சொல்லியிருக்கணும்."

போனை வைத்துவிட்டுப் பாயிலேயே உட்கார்ந்திருந்தேன். மாமி டீ போட்டு எடுத்துவந்தார். பயம் உடனே போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து பயந்துகொண்டே செய்தேன், செய்யாமல் பயந்துகொண்டிருக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் வலி மறுபடி தொடைக்கு இறங்கியது. காலையில் பயிற்சி செய்தால் ஏறும். இப்படி ஏறுவதும் இறங்குவதுமாக இருந்து, தை பிறந்து சம்பா அறுப்பு முடியும் நேரத்தில் இடுப்போடு நின்றுவிட்டது. கட்டைவிரலும் எழுந்தது. இப்போது பள்ளிக்கு பஸ்ஸில் போகிறேன். நாற்காலியில் உட்கார்ந்தே தொழுதுகொண்டிருந்தவள், ஒருநாள் தரையில் நெற்றி வைத்துப் பார்த்தேன். எழ முடிந்தது. அழுகை வந்தது.

பாதத்தின் ஓரத்தில் மரமரப்பு இன்னும் இருக்கிறது. அது அப்படியே இருந்துவிடலாம் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டார். காலையில் கண் விழித்ததும், எழுவதற்கு முன் போர்வைக்குள்ளேயே கட்டைவிரலைத் தூக்கிப் பார்க்கிறேன். அது எழுகிற வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் படுத்திருக்கிறேன்.