செந்தமிழ் சேர்த்த அறுபத்து மூன்று விளம்பரங்கள்

மரக்காணம் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் செந்தமிழுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. ஊர் சொல்வதில் பாதிதான் உண்மை. பட்டாவை நாலாக மடித்து, வேர்வையில் ஊறிய சட்டைப் பையில் ஆறு மாதம் வைத்திருந்துவிட்டு, "எழுத்து நல்லா தெரியற மாதிரி போடும்மா" என்று நீட்டினால் யாருக்குத்தான் கோபம் வராது? உப்பளக் காற்றில் காகிதம் என்ன பாடு படும் என்று அவளுக்குத் தெரியும். பீரோவுக்குள் பூட்டி வைத்த கல்யாணப் பத்திரிகைகூட இங்கே ரெண்டு மழைக்காலம் தாங்காது. அதனால் இந்தப் பக்கத்து மக்கள் முக்கியமான எதையும் லேமினேட் பண்ணித்தான் வைப்பார்கள். ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், ஜாதகம், செத்துப்போனவர் போட்டோ என்று அவள் மிஷினுக்குள் போய் வராத காகிதம் இல்லை.

ஆனால் கடை திறந்த அன்று அந்த மிஷினுக்குள் முதலில் போனது இதெல்லாம் இல்லை. வீடியோ கேம் விளம்பரங்கள். முப்பது வருஷத்துக்கும் மேற்பட்ட பழைய, வெளிநாட்டு விளம்பரங்கள்.

அவை வந்த கதை இது. அவள் அம்மா வசந்தா கீழ்புத்துப்பட்டிலிருந்து ஆரோவில்லுக்கு வீட்டு வேலைக்குப் போய்வந்தவள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் படித்துக் கழித்த படக்கதைப் புத்தகங்களை அடுப்பு பற்றவைக்க ஆகும் என்று கட்டாகக் கட்டிக்கொண்டு வருவாள். அடுப்புக்குப் போகும் முன் செந்தமிழ் பின்னட்டையைக் கிழித்து எடுத்துவிடுவாள். பின்னட்டையில்தான் அந்த விளம்பரம் இருக்கும். குதிரைமேல் உட்கார்ந்து வாளைத் தூக்கிய வீரன், அவனுக்குப் பின்னால் தீப்பிடித்து எரியும் கோட்டை, வானம் முழுக்க இறக்கை விரித்த ஒரு மிருகம். வீரன் கையில் நரம்பு புடைத்திருப்பதுகூடத் தெரியும். அவ்வளவு நேர்த்தியாக வரைந்திருப்பார்கள்.

கீழே மூலையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம் இருக்கும். அது என்னவென்று அவளுக்கு ரொம்ப நாள் புரியவில்லை. பதினோரு வயதில் ஒருநாள் புரிந்தது. டிவியில் உண்மையாகவே வரும் ஆட்டம் அதுதான். கறுப்புத் திரையில் நாலைந்து சதுரப் புள்ளிகள். அன்று அவளுக்கு வந்த எரிச்சல் இருக்கிறதே, அப்படியே அம்மாவிடம் ஓடினாள்.

"ம்மா, இத பாரேன். மேல குதிர, கோட்ட எல்லாம் இருக்குது. ஆடறப்போ இந்த ரெண்டு புள்ளிதான் அந்த ஆளாம். ஏமாத்தறானுங்க."

"அடுப்புக்குத்தான எடுத்தாந்தேன்?" என்றாள் வசந்தா. "எந்தப் பக்கம் எரிஞ்சா இன்னா?"

அதிலிருந்து அவள் சேர்க்க ஆரம்பித்தாள். அழகுக்காக மட்டுமில்லை, எவன் எவ்வளவு பெரிய பொய் சொல்கிறான் என்று பார்க்க. சிலர் கட்டத்தை ஓரத்தில் ஒளித்தார்கள். சிலர் கட்டமே போடாமல் தப்பித்தார்கள். அந்த ஆட்டங்களில் ஒன்றையும் அவள் ஆடியதில்லை, ஆட ஆசைப்பட்டதும் இல்லை. கல்யாணமாகி மரக்காணம் வரும்போது அறுபத்து மூன்று தாள்கள் டிரங்குப் பெட்டியில் கூடவே வந்தன. உப்பு லாரி ஓட்டும் அவள் புருஷன் ஜெயப்பிரகாஷ் நகைப்பெட்டி என்று நினைத்துத் திறந்து பார்த்து ஏமாந்தவன். இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவான்.

மிஷின் வாங்கும்போது தாள்களின் ஓரங்கள் பழுப்பேறி உதிர ஆரம்பித்திருந்தன. சில தாள் ஏ4 அளவு லேமினேஷன் கவரில் அடங்கவில்லை. பொடி எழுத்து இருந்த ஓரத்தை அளவாக வெட்டி, மூலையை வளைத்து, அறுபத்து மூன்றையும் ஒரே நாளில் லேமினேட் பண்ணி முடித்தாள். கல்லாவுக்கு மேலே குதிரைக்காரனை மாட்டினாள். வருஷக்கணக்கில் அவன் அங்கேயே இருந்தான். யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

போன சித்திரையில் பூஜா கேட்டாள். சென்னையில் படிக்கும் உள்ளூர்ப் பெண், பிரிண்ட் எடுக்க வந்தவள். படத்தை போனில் பிடித்து எங்கேயோ போட்டாள். மூன்றாம் நாள் சென்னையிலிருந்து பரத் என்று ஒருவர் கூப்பிட்டார். பழைய வீடியோ கேம் விளம்பரங்களை வைத்து ஒரு கண்காட்சி நடத்தப்போகிறாராம்.

"மேடம், அறுபத்து மூணும் ஒரே ஆள் சேர்த்ததுன்னா அது பெரிய விஷயம். உங்களுக்குன்னு ஒரு சுவரே ஒதுக்கறோம். மேல உங்க பேரைப் போட்டு."

செந்தமிழுக்குக் கால் தரையில் பாவவில்லை. பேர். நாற்பத்தாறு வயதுவரை அவள் பேர் ரேஷன் கார்டில் வந்திருக்கிறது, கடை போர்டில்கூட வந்ததில்லை. போர்டில் மாமனார் பேர்தான் இருக்கிறது. பட்டா வாங்க வந்தவர்களிடமெல்லாம் சுவரைப் பற்றிச் சொன்னாள்.

"சுவரு குடுத்தா போதுமா? மேல கூரை போட்டுக் குடுக்கச் சொல்லு, குடி போயிடலாம்" என்றான் ஜெயப்பிரகாஷ். ஆனாலும் பரத் வரும் நாளில் அவனே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அழைத்துவந்தான்.

முப்பது வயதுப் பையன். கையில் வெள்ளைத் துணி உறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அவள் தாள்களை மேசைமேல் வைத்தாள். முதல் தாளைத் தொட்டதும் அவன் முகம் சுண்டிப்போயிற்று. இரண்டாவதையும் மூன்றாவதையும் புரட்டிவிட்டு உறையைக் கழற்றினான்.

"அக்கா, எல்லாத்தையும் லேமினேட் பண்ணிட்டீங்களா?"

"ஆமா தம்பி. எல்லாமே."

"ஓரத்த வேற வெட்டியிருக்கீங்க. அதுலதான் புத்தகத்தோட பேரு, மாசம், வருஷம் எல்லாம் இருக்கும். அது இல்லாம இத ஒரிஜினல்னு சுவத்துல மாட்ட முடியாதுக்கா. பாழாக்கிட்டீங்களே."

"இத லேமினேட் பண்ணாம வச்சிருந்தா பாழாக்கிட்டேன்னு சொல்லக்கூட உங்களுக்கு ஒண்ணும் இருந்திருக்காது. எங்க ஊரு காத்துல ஒரு வருசம் ஒரு காயிதத்த வச்சுப் பாருங்க" என்றாள்.

பரத் தலையைச் சொறிந்தான். சூடு காட்டினால் உரிந்து வருமா என்று கேட்டான். வராது என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? ஆயிரம் பேருக்கு வராது என்று சொல்லி அனுப்பியவள். ஆனால் சுவர் கண்முன்னே நின்றது. அவளுக்கு அவ்வளவாகப் பிடிக்காத ஒரு விண்கலப் படத்தை எடுத்து, மிஷினில் மறுபடி சூடேற்றி, பிளேடால் ஓரத்தைக் கீறி மெதுவாக இழுத்தாள். தாள் ரெண்டாகப் பிளந்தது. விண்கலம் பிளாஸ்டிக்கோடு போயிற்று, கையில் வெள்ளைக் கந்தல் மிஞ்சியது. தொழில் தெரிந்தவளே இப்படிப் பண்ணினாளே என்று தன்மேல் வந்த ஆத்திரத்தில் பிளேடை மேசைமேல் விட்டெறிந்தாள்.

ஏதாவது பேசவேண்டுமே என்று, "எதுக்குக்கா இத சேர்த்தீங்க?" என்றான் பரத்.

எதுக்கு என்று இத்தனை வருஷத்தில் முதல்முதலாக ஒருவர் கேட்கிறார். அவள் ஒவ்வொரு தாளாக எடுத்துக் காட்டினாள். "படம் எவ்ளோ பெருசோ, ஆட்டம் அவ்ளோ சின்னதா இருக்கும். பொய்ய முழுப் பக்கத்துல வரைஞ்சிட்டு, உண்மைய மூலையில ஒரு கட்டத்துல போட்டுட்டாங்க. மொதல்ல கட்டத்த பாக்கணும். அப்பறமாத்தான் படத்த பாக்கணும்." பரத் போனில் வேகமாக எழுதிக்கொண்டே இருந்தான். பதினைந்து வருஷமாக இதைப் பார்க்கிறேன், எனக்குத் தோன்றவில்லையே அக்கா என்றான். பிறகு டீ குடித்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டு, பஸ் ஏறிப் போனான்.

ரெண்டு மாதம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. யாராவது சுவர் என்னாச்சு என்று கேட்டால் ஜெராக்ஸை விட்டெறியாத குறைதான்.

பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம் பூஜா ஒரு படம் அனுப்பினாள். கண்காட்சிக்குப் போயிருக்கிறாள். உள்ளே நுழைந்ததும் எதிரே இருக்கும் பெரிய சுவர். அதில் விளம்பரம் ஒன்றும் இல்லை. முழு உயரத்துக்கு எழுத்து மட்டும். 'பொய்யை முழுப் பக்கத்தில் வரைந்தார்கள். உண்மையை மூலையில் ஒரு கட்டத்தில் போட்டார்கள். முதலில் கட்டத்தைப் பாருங்கள்.' கீழே: பரத், கண்காட்சி அமைப்பாளர். 'ஆன்ட்டி, எல்லாரும் இது முன்னாடி நின்னுதான் போட்டோ எடுக்கறாங்க' என்று பூஜா சேர்த்திருந்தாள்.

செந்தமிழ் படத்தைப் பெரிதாக்கி மூன்று தரம் படித்தாள். கடையில் ஆறு பேர் நிற்பதைச் சட்டை பண்ணாமல் பரத்தைக் கூப்பிட்டாள்.

"சொல்லுங்கக்கா."

"காயிதம் பாழாயிடுச்சுன்னு விட்டுட்டுப் போன. சரின்னு இருந்துட்டேன். நான் பேசுனது மட்டும் உனக்கு நல்லா இருந்துச்சா?"

"அக்கா, அது... டிசைன் பண்ணவங்க விட்டுட்டாங்க. டீம்ல பேசி உங்க பேரையும் சேர்த்துடறேன்."

"எப்போ?"

"அடுத்த தடவ வைக்கறப்போ கண்டிப்பா. இது நாளையோட முடியுதுக்கா."

"எத்தினி மணிக்குத் தொறப்பீங்க?"

"பத்து மணி. ஏன்க்கா?"

"காலையில மொத பஸ்ஸுக்கு வர்றேன்" என்றாள் செந்தமிழ். "நீ ஒண்ணும் பண்ண வேணாம். ஏணி மட்டும் எடுத்து வை. என் பேர நானே எழுதிக்கறேன்."