பாதி மரம் தொக்பேவுக்கு

தென்கொரியாவின் குன்சான் துறைமுகச் சந்தையில் யோங்சிம் பதினெட்டு வருஷமாக மீன் கழுவுகிறாள். இடையில் இரண்டு வருஷம் மட்டும் அந்த வேலையை விட்டிருந்தாள். புருஷன் தொக்பே ஆலை வேலை போனபின் கோழி வறுவல் கடை போட்டான், அதில் அடுப்படி இவளுடையது. திறப்பு நாளன்று நண்பர்கள் அவன் பேர் எழுதிய சிவப்பு ரிப்பன் கட்டிய தொட்டியில் ஓர் அதிர்ஷ்ட மரம் கொண்டுவந்தார்கள். முழங்கை கனத்துக்கு ஒரு தண்டு, உச்சியில் சோளத்தட்டை மாதிரி இரண்டு கொத்து இலை.

கடை படுத்தது. தொக்பே, கல்லாவில் உட்கார்ந்திருந்தவளைக் கூட்டிக்கொண்டு மொக்போவுக்குப் போய்விட்டான். மரத்தை விட்டுவிட்டுப் போனான்.

அந்தக் குளிர்காலத்தில் இலைகள் பழுத்துத் தொங்கின. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து யோங்சிம் மேலும் மேலும் ஊற்றினாள். ஒருநாள் தண்டைத் தொட்டால் அடிப்பக்கம் வெந்த கிழங்குபோல அமுங்கியது, நாற்றம் வேறு. பூக்கடைக்காரரிடம் கேட்டாள். அழுகினதை அறுத்து எறி, வெட்டுவாய் காயட்டும், அப்புறம் தண்ணீரில் நிறுத்து, குளிர் படக்கூடாது என்றார்.

அப்படியே செய்தாள். அடியில் சூடேற்றிய வெதுவெதுப்பான தரையில் தன் படுக்கைக்குப் பக்கத்திலேயே ஜாடியை வைத்தாள். வாரம் இருமுறை தண்ணீர் மாற்றினாள். இரண்டு மாதம் ஒன்றுமில்லை. பிறகு வெள்ளையாய் நான்கு வேர் வந்தது. மண்ணுக்கு மாற்றினாள்.

மூன்றாம் வருஷம் அது பூத்தது. பொழுது சாய்ந்ததும் தேன் கொட்டினாற்போல் வீடெல்லாம் மணம். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பார்த்தார்கள். போனவர் திரும்பி வரப்போகிறார் என்று ஒருத்தி சொன்னாள். யோங்சிம் அவளை அதட்டினாள், ஆனால் மறுநாளே முடிக்குச் சாயம் போட்டுக்கொண்டாள்.

சியோலில் இருக்கும் மகள் மிரான், மரம் பூத்ததை அப்பாவிடம் போனில் சொல்லியிருக்கிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் ஒரு பெட்டி பேரிக்காயோடு வந்து நின்றான். யோங்சிம் மீன் குழம்பு வைத்தாள். இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டான். உப்பு சரியாக இருக்கிறது என்றான். மழிக்காத அவன் மோவாயைப் பார்த்தபடி, மேல்சட்டையை எங்கே மாட்டச் சொல்வது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"மிரான் அம்மா, அங்க புதுசா ஒரு நூடுல்ஸ் கடை போடுறோம்."

அந்த 'றோம்' அவளுக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது.

"சரி."

"பூத்த மரம் கடையில இருந்தா ராசின்னு அவ சொல்றா. ரிப்பன்ல என் பேருதானே இருந்துச்சு?"

யோங்சிம் எழுந்துபோய் ரம்பத்தைக் கொண்டுவந்தாள். பூவும் இலையுமாய் இருந்த மேல்பாதியை நிதானமாக அறுத்தாள். மரத்தூள் அவள் கால்சட்டையில் உதிர்ந்தது. அறுத்ததைச் செய்தித்தாளில் சுற்றி அவன் கையில் கொடுத்தாள்.

"வேரு இல்லாம இது எப்படிப் பொழைக்கும்?"

"நான் பொழைக்க வெச்சேன்ல, மிரான் அப்பா. அவளும் வெக்கட்டும்."

அவன் பொட்டலத்தை அக்குளில் இடுக்கி, செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான். மொக்போ போவதற்குள் பூ வாடியிருக்கும். யோங்சிமுக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை. குழம்புச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள்.

இலையில்லாத மொட்டைத் தண்டை அவள் அதற்குப்பின் கவனிக்கவில்லை. அது தானாகவே பக்கத்தில் இரண்டு முளை விட்டது. அதைப் பார்த்த அன்று தொட்டியோடு தூக்கி மாடிப்படித் திருப்பத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் திரும்பும்போது அங்கே இல்லை. யார் எடுத்தார்கள் என்று அவள் கேட்கவில்லை.