யார் இந்த ரதீஷ்?

ஆசிரியர் வேலையில் பாதி பாடம் நடத்துவது, மீதி சந்தேகப்படுவது. வாட்ஸ்அப் வந்த பிறகு பாடத்தின் பங்கு இன்னும் குறைந்துவிட்டது. திருவனந்தபுரத்தில், கிழக்கேகோட்டைக்குப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நான் தமிழ் டீச்சர். சுற்றுவட்டாரத்தில் ஹோட்டலிலும் கடைகளிலும் கட்டட வேலையிலும் இருக்கும் நம் ஊர்க்காரர்களின் பிள்ளைகளுக்காக இங்கே ஒரு தமிழ் டிவிஷன் உண்டு. அதன் பெற்றோர் குரூப்புக்கு நான்தான் அட்மின். உங்களில் யாராவது வகுப்பு குரூப்புக்கு அட்மினாக இருந்தால், வாருங்கள், சேர்ந்தே புலம்பலாம்.

காய்ச்சலும் ஆன்லைனும்

போன வருடம் ஒருநாள் காய்ச்சல். லீவு போட்டுவிட்டு, பிள்ளைகள் இரண்டாம் பாடத்தைப் படித்துவைக்கட்டும் என்று குரூப்பில் ஒரு வரி போட்டேன். கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தவள், கை சும்மா இருக்காமல் போனை எடுத்து என் தங்கையோடு கொஞ்ச நேரம் அரட்டை அடித்தேன். காய்ச்சல்காரர்கள் அரட்டை அடிக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஆனால் நகைக்கடையில் கணக்கு எழுதும் ஒரு அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. லீவு என்றீர்களே, ஆன்லைனில் இருக்கிறீர்களே என்று தனியாக மெசேஜ் அனுப்பினார். டாக்டரிடம் மருந்து கேட்டுக்கொண்டிருந்தேன் என்று ஒரு பொய் சொல்லிவைத்தேன். அவர் தொழிலே தராசு பிடிக்கும் இடத்தில். உடனே பதில் வந்தது.

"சரிங்க டீச்சர். ஆனா எந்த டாக்டரு இவ்வளவு நேரம் பொறுமையா டைப் பண்றாரு? அவரு நம்பரை எனக்கும் அனுப்புங்க."

போன் வைத்த பொங்காலை

ஆற்றுகால் பகவதி கோவில் பொங்காலை அன்று ஊரே அடுப்பாகிவிடும். ரோட்டோரமெல்லாம் மூன்று மூன்று செங்கல்லை வைத்துப் பெண்கள் வரிசையாகப் பொங்கலிடுவார்கள். அது முடிந்த மறுநாள், கண்ணால் பார்த்ததை எழுதி வாருங்கள் என்று கட்டுரை கொடுத்தேன். வந்த கட்டுரைகளில் கரும்பு கட்டியிருந்தது, காளைக்குக் கொம்பில் வர்ணம் அடித்திருந்தது, களத்தில் நெல் குவிந்திருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருக்கும் பிள்ளைக்குக் களத்துமேடு எங்கிருந்து வந்தது? போனிடம் பொங்கல் என்று கேட்டிருக்கிறார்கள். அது தைப்பொங்கலைத் தூக்கிக் கொடுத்துவிட்டது.

ஒரே ஒரு கட்டுரை மட்டும் வேறு மாதிரி இருந்தது. இசக்கி எழுதியது. அவள் அப்பா முருகேசன் பழவங்காடியில் ஒரு ஹோட்டலில் புரோட்டா மாஸ்டர், அம்மா செல்வி ஒரு துணிக்கடையில் துப்புரவு வேலை. அம்மா இடம் பிடிக்க விடிவதற்கு முன்னாலேயே போய்ச் செங்கல் வைத்தது, வெல்லம் உருகுவதற்குள் கண் எரிந்து பக்கத்து அடுப்புக்காரியின் முந்தானையில் முகம் துடைத்தது, எல்லாம் அதில் இருந்தது. நன்றாக இருந்ததாலேயே எனக்குச் சந்தேகம். இதை எழுதியது நீயா, போனா என்று நேராகவே கேட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

"போனுக்குப் பொகை கண்ணுல அடிக்காதுல்லா டீச்சர்."

ரீல்

ஜூன் மாதம் பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் தலை எண்ணுவார்கள். அந்தக் கணக்கில் ஒரு பிள்ளை குறைந்தாலும் எங்கள் தமிழ் டிவிஷன் போய்விடும். பிள்ளைகள் மலையாள வகுப்பில் கரைவார்கள், நான் வேறு ஏதாவது ஊரில் போய் விழுவேன். அதனால் மே மாதமே ஆள் பிடிக்கக் கிளம்பிவிடுவோம். முன்பெல்லாம் வீடு வீடாக ஏறி இறங்குவோம். இந்த வருடம் ஹெட்மிஸ்ட்ரஸ் ரீல் போடச் சொன்னார்.

பள்ளி திறந்த அன்று இசக்கியை வராந்தாவில் நிறுத்தி, அந்தப் பொங்காலைக் கட்டுரையை வாசிக்கவைத்து எடுத்தோம். எனக்கு மனசே இல்லை. எவன் பார்ப்பான், எவன் எடுத்து எங்கே போடுவான், வீட்டில் கேட்டோமா என்று இழுத்தேன். ஹெட்மிஸ்ட்ரஸ் மலையாளி, என்னோடு பேசும்போது பாதித் தமிழ் கலந்துகொள்வார்.

"முதல்ல குட்டிகள் வரட்டே டீச்சரே, சம்சயமொக்கெ பின்னெ மதி."

ஹார்ட்

பிள்ளைகள் வந்த பிறகு பட்டால் போதும் என்று அவர் சொன்ன சந்தேகம் மூன்றாம் நாளே வேலை உடுப்போடு வந்து நின்றது. முருகேசனின் சட்டையில் மைதா மாவு அப்படியே இருந்தது. ஹோட்டலில் கூட வேலை செய்யும் ஒருவர் ரீலைக் காட்டியிருக்கிறார். அதன் கீழே ரதீஷ் என்ற பெயரில் ஒருவன், பைக் படம் வைத்தவன், "நல்லா வாசிக்கிற, மக்களே" என்று சொந்தப் பிள்ளையைக் கொஞ்சுவதுபோல எழுதி ஒரு சிவப்பு ஹார்ட் போட்டிருந்தான்.

ரீலை அந்த நிமிடமே எடுத்துவிட்டேன். அவர் சமாதானமாகவில்லை. டி.சி. வேண்டுமாம், பிள்ளையைத் திருநெல்வேலிப் பக்கம் தன் அக்கா வீட்டில் விடப்போகிறாராம். அங்கே போனால் அவள் படிப்பு என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். அந்த அக்காவின் மகள்கள் இரண்டு பேரும் எட்டாம் வகுப்போடு பீடி சுற்றப் போனவர்கள். இசக்கி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். படிப்பை நிறுத்திவிடாதீர்கள் என்று எவ்வளவோ சொன்னேன், அவர் கேட்கவில்லை. டி.சி. கம்ப்யூட்டரில்தான் வர வேண்டும், சர்வர் வேலை செய்யவில்லை என்றேன். டீச்சரைச் சந்தேகப்படும் மனிதர்கூட சர்வரைச் சந்தேகப்படுவதில்லை. போகும்போது மட்டும் திரும்பி நின்றார்.

"சர்வர் சரியாவட்டும் டீச்சர். அதுக்குள்ள அந்த ரதீஷ் எவன்னு பாத்துட்டு வாரேன்."

கேட்டில் நின்றவர்

எனக்கும் ரதீஷ் மேல் சந்தேகம்தான். அவனுடைய பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நண்பர்கள் இல்லை, சொந்தப் படம் இல்லை. ஷேர் செய்ததெல்லாம் பிளவுஸ் தைக்கிற வீடியோவும் மீன்குழம்பும். இவன் என்ன மாதிரி ஆள் என்று புரியாமல், போலீசில் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன்.

மறுநாள் சாயங்காலம் இசக்கியின் அம்மா செல்வி கேட்டருகே நின்றார். யாரும் இல்லை என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தன் போனை நீட்டினார். பைக் படம். ரதீஷ் இவர்தான். மகள் வாசித்ததைப் பார்த்ததும் கை தானாக ஹார்ட்டை அழுத்திவிட்டதாம். தன் புருஷனிடம் சொல்லிவிடாதீர்கள், போனைப் பிடுங்கி உடைத்துவிடுவார் என்றார். சொன்னால் இவருக்குப் போன் போகும், சொல்லாவிட்டால் மகளுக்குப் பள்ளி போகும். ஏன் ஆண் பெயர் என்று மட்டும் கேட்டேன்.

"பொம்பளப் பேருல இருந்தா கண்டவனும் ஹாய் ஹாய்னு வாரான் டீச்சர். ரதீஷ்னு மாத்துன பெறகுதான் நிம்மதியா ஒரு மீன்கொழம்பு பாக்க முடியுது."

ஆறாம் நாள்

ஆறாவது வேலை நாள் காலையில் இசக்கியின் இடம் காலி. தலை எண்ண வருவதற்குள் நான் வாசலுக்கும் வகுப்புக்குமாக நடந்தேன். டிவிஷன் போகட்டும், இந்தப் பிள்ளை வந்தால் போதும் என்று தோன்றியது, அது உண்மை. இரண்டாவது பீரியடில் முருகேசனே அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். டி.சி. வேண்டாம் என்றார். காரணம் கேட்டேன்.

ரதீஷுக்கு மெசேஜில் கெட்ட வார்த்தையெல்லாம் எழுதி, உன்னால்தான் என் மகளை ஊருக்கு அனுப்புகிறேன் என்றும் போட்டாராம். அவன் பதிலுக்குத் திட்டவில்லை. எனக்கும் ஒரு பெண்பிள்ளை இருக்கிறது அண்ணே, அந்த சந்தோஷத்தில் போட்டுவிட்டேன், மன்னித்துவிடுங்கள், பிள்ளையின் படிப்பை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்று எழுதியிருந்தான். இசக்கி என்னைப் பார்க்காமல் பையிலிருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அதைவிட அதிகமாகக் கோபமும் வந்தது. இதையே உங்கள் வீட்டில் சொல்லவில்லையா, நான் சொல்லவில்லையா என்று கேட்டேன். முருகேசன் வெள்ளந்தியாகச் சிரித்தார்.

"அவளும் மூணு நாளா அழுதுக்கிட்டுச் சொன்னா, நீங்களும் சொன்னீங்க. ஆனா ஒரு ஆம்பள சொல்லும்போதுதான டீச்சர் புத்தியில ஏறுது."

இத்தனை வருடத்தில் என் போனுக்குள் வந்துபோன எத்தனையோ அசல் ஐடிகளில் ஒன்றைக்கூட நான் முழுசாக நம்பியதில்லை. நம்பியது அந்தப் போலி ஐடி ஒன்றைத்தான்.