அசேலியாவுக்குப் போட்ட பூட்டு

டொக்... டொக்... டொக்...

பின்பக்கத்து அறையிலிருந்து சுத்தியல் சத்தம். சமையலறையில் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்த வாளியம்மா நிமிர்ந்தாள். நாளைக்குக் காலி செய்யப்போகிற வீட்டில் யார் ஆணி அடிப்பது?

ஓடிப் போய்ப் பார்த்தாள். பின்முற்றத்துக்குப் போகும் கதவில் புதுத் தாழ்ப்பாள். அதில் பூட்டை மாட்டி, இழுத்து இழுத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள் ஹவுஸ் ஓனரம்மா.

"என்னக்கா இது?"

"ஒண்ணுமில்ல. சாமான் ஏத்துற அவசரத்துல கைதவறி என் செடியையும் ஏத்திடக் கூடாது பாரு."

என் செடி! அந்த வார்த்தை வாளியம்மாவின் நெஞ்சில் நெருப்பாக விழுந்தது.

யாருடைய செடி? ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைப்பவள் அவள். காலையிலிருந்து மாலைவரை வெள்ளையைப் பார்த்தே கண் பூத்துப்போனவள். வீட்டுக்கு வந்தால் கண்ணுக்கு ஒரு நிறம் வேண்டும் என்று ஆசைப்பட்டது குற்றமா? படத்தில் பார்த்த பூவுக்கு மயங்கி, முதலில் ரோடோடென்ட்ரான் என்ற மலைப் பூச்செடி ஒன்றை வாங்கி வந்து சுவரோரம் நட்டாள். பழைய சுவரின் சுண்ணாம்புக் காரை உதிர்ந்து கலந்த மண் அது. நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலையெல்லாம் மஞ்சளாகி, பிள்ளை நோயில் இளைப்பதுபோல இளைத்துச் செத்தது.

நர்சரிக்காரர் கடிந்துகொண்டார். "பூவப் பாத்து வாங்கினீங்களே, உங்க மண்ணப் பாத்தீங்களா? இது புளிப்பு மண்ணு கேக்குற ஜாதி. சுண்ணாம்பு இதுக்கு விஷம். அதுவுமில்லாம, உங்க முற்றத்துக்கு அவ்வளவு பெரிய செடி எதுக்கு? இதே குடும்பத்துல அசேலியா இருக்கு. குட்டையா நிக்கும், அரை நிழல் போதும்."

அசேலியாவோடு திரும்பியவள், முற்றத்து மண்ணை நம்பவில்லை. ஆஸ்பத்திரி வளாகத்தில் உதிர்ந்த பைன் மரத்து ஊசியிலைகளையும் மக்கிய இலைகளையும் மூட்டை மூட்டையாகச் சுமந்து வந்தாள். தரைக்கு மேலே மேடு கட்டி, வேர் மூச்சுவிடும்படி மேலாக நட்டாள். குழாய்த் தண்ணீரிலும் சுண்ணாம்பு என்பதால், மழை வந்தால் வீட்டிலிருக்கும் வாளியெல்லாம் வெளியே வந்துவிடும். "வானத்துக்கே வாளி வைக்கிறா பாரு!" என்று தெரு சிரித்தது. வாளியம்மா என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது.

இந்த வருஷம் இலையே தெரியாமல் பூத்தது. ஓனரம்மாவைப் பார்க்க வந்த ஒரு பெண் அந்த இளஞ்சிவப்பைக் கண்டு, குடிவந்தால் இந்த வீட்டுக்குத்தான் வருவேன் என்றாள். அவ்வளவுதான், வாளியம்மாவைக் காலி செய்யச் சொல்லிவிட்டாள் ஓனரம்மா. பூ வேண்டுமாம், பூவை வளர்த்தவள் வேண்டாமாம்! இது எந்த ஊர் நியாயம்?

லாரி ஓட்டும் புருஷன் பெட்டியைக் கட்டியபடியே சொன்னான்: "விடும்மா. போற இடத்துல வேற வாங்கிக்கலாம்."

"அப்ப என்னையும் இங்கேயே விட்டுட்டு, போற இடத்துல வேற பாத்துக்குவீங்களா?"

அவன் கயிற்றைப் பார்க்க ஆரம்பித்தான்.

"என் மண்ணுல வளர்ந்தது எனக்குத்தான்," என்றாள் கதவடியிலேயே நின்ற ஓனரம்மா. "வர்ற பொண்ணுக்கு வாக்குக் குடுத்துட்டேன். நாளைக்கே நல்லா கொத்திவிட்டு, ரெண்டு கை சுண்ணாம்பு போட்டேன்னா மரமா நிக்கும்!"

மேலாகப் படர்ந்த வேரைக் கொத்தி, அதற்கு விஷத்தையும் ஊட்டப்போகிறார்கள்! பறிகொடுப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சாகக் கொடுக்க முடியுமா?

"உங்க மண்ணாக்கா? கதவத் திறங்க. ஒரே ஒரு வேர் உங்க மண்ணுல இறங்கியிருந்தாலும் செடி உங்களுக்கு. நான் வாயத் திறக்க மாட்டேன்."

"இவ்வளவு பெரிய செடிக்கு வேர் இறங்காமலா இருக்கும்? சரி, பாத்துடலாம்!" ஓனரம்மா சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள்.

வாளியம்மா முட்டி போட்டு, மேட்டின் அடியில் மண்வெட்டியைச் சுற்றிலும் மெதுவாகச் செலுத்தினாள். ஒரு வேர், ஒரே ஒரு வேர் துரோகம் செய்துவிட்டால்? புருஷன் மறுபக்கம் வந்து கைகொடுத்தான். மடித்த போர்வையைத் தூக்குவதுபோல, வேரும் மக்கிய இலையுமாகச் செடி அப்படியே மேலே வந்தது.

அடியில் சாம்பல் நிறத் தரை. காரைத் துணுக்குகள். வேரின் ஒரு நூல்கூட இல்லை.

ஓனரம்மா குனிந்து பார்த்தாள். கால் விரலால் கிளறியும் பார்த்தாள்.

"சரி... எடுத்துட்டுப் போ. பள்ளத்த மட்டும் மூடிடு."

"எங்கக்கா பள்ளம்? இது உங்க தரை. நீங்க குடுத்தபடியே இருக்கு!"

ஓனரம்மா பெட்டிகளைத் தாண்டித் தாண்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசல் வழியே வெளியேறினாள். அவள் படி இறங்குமுன்னே, ஈர மண் ஒட்டிய கையாலேயே வாளியம்மா கதவை அறைந்து சாத்தினாள்.