பல்லக்கா திறந்த மனசுக் கடை

அடுத்தவர் பல்லில் படிந்த அழுக்கைச் சுரண்டிச் சுத்தம் செய்வதுதான் அவருடைய வேலை. பல் டாக்டரின் அறைக்குப் பக்கத்து அறை அவருடையது. வருகிறவர்கள் எல்லாரும் பல்லக்கா என்றே கூப்பிட்டார்கள். வாயைப் பிளந்து படுத்திருப்பவர்களுக்குத்தான் வீட்டு விஷயமெல்லாம் ஞாபகம் வரும் என்பது அவர் கண்ட உண்மை. எச்சில் உறிஞ்சும் குழாய் ஒரு பக்கம், கொக்கி ஒரு பக்கமாக, "ஆ ஆவோ ஆ" என்பார் ஒருவர். "இன்னுமா உங்க மாமியார் ஊருக்குப் போகல?" என்பார் பல்லக்கா. தப்பவே தப்பாது.

வருஷக்கணக்காகக் குனிந்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. யாராவது வலப்பக்கம் கூப்பிட்டால் ஆளே முழுசாகத் திரும்ப வேண்டும். சாயங்கால வகுப்பில் சேர்ந்து மனநல ஆலோசனை படித்தார், தேறினார், வேலையை விட்டார். பூட்டுக் கடைக்கு மேல்மாடியில் ஒரு அறை பிடித்து, இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டார்.

லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். "பல்லுல சுரண்டின, சரி. மனசுல எங்க போய்ச் சுரண்டுவ?"

"சுரண்ட மாட்டேன். கேப்பேன்."

"அதுக்கா படிச்ச? வீட்ல நான் பேசுறத முதல்ல கேளேன்."

முதலில் வந்தவர் ஒரு தையற்காரர். தெரிந்த முகமாகவே இல்லை. அவர் உட்கார்ந்ததும் தலையைப் பின்னால் சாய்த்து வாயைத் திறந்தார். கடைவாயில் தங்கப் பல் மின்னியது.

"அட, நீங்களா," என்றார் பல்லக்கா. அந்த வாயை அவருக்கு நன்றாகத் தெரியும். "வாய மூடிட்டுப் பேசலாம்ங்க. மனசுல என்ன கஷ்டம்?"

"மனசுல ஒண்ணும் இல்லையே. கீழ்வரிசைதான் கொஞ்சம் கறை."

"இங்க பல்லு பாக்கிறதில்லீங்க."

"அப்புறம் எதுக்குக் கடை?" என்று கோபித்துக்கொண்டு அவர் படியிறங்கிப் போனார். பின்னால் வந்தவர்களும் இந்த ரகம்தான். ஒரு அம்மாள் கையோடு பிரஷ்ஷே கொண்டுவந்திருந்தார்.

மூடிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், பழைய முதலாளியான பல் டாக்டரே கன்னத்தைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு வந்து நின்றார். தன் ஆட்களை இழுக்கிறாள் என்று சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று பல்லக்கா நினைத்தார்.

"பல்லு வலிக்குதும்மா," என்றார் டாக்டர்.

"யாருக்கு?"

"எனக்குத்தான். போன வருஷத்துலேர்ந்து."

"யார்கிட்டயாவது காட்டினீங்களா டாக்டர்?"

டாக்டர் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். "பயமா இருக்கு. சின்ன வயசுலேர்ந்தே. இந்தப் பல்லு டாக்டருங்கள எனக்கு ஆகாது."

பல்லக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார். பிறகு அந்த மனிதர் கன்னத்துத் துண்டை ஒரு கையால் இறுகப் பிடித்திருப்பதைப் பார்த்ததும் சிரிப்பு தானாகப் போய்விட்டது. இத்தனை காலம் இந்தக் கைதான் ஊர்ப் பல்லையெல்லாம் பிடுங்கியதா என்றிருந்தது.

பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கித்தான் போக்க வேண்டும் என்று படித்திருந்தார். முதலில் பல் துளைக்கிற மெஷினின் சத்தத்துக்குப் பழக்கினார். மெஷின் இல்லாததால் வாயாலேயே "ஜ்ஜ்ஜ்ஜ்" என்றார். டாக்டர் கண்ணை மூடி வியர்த்துக்கொண்டிருக்க, கீழேயிருந்து பூட்டுக் கடைக்காரர் ஏறி வந்தார்.

"சாவி வெட்டுற மிஷின் போட்டிருக்கீங்களா? சொல்லிட்டேன், ஒரே கட்டடத்துல ரெண்டு கடை தாங்காது."

அடுத்து டாக்டரைக் கூட்டிக்கொண்டு போய், லீவு நாளில் அவருடைய ஆஸ்பத்திரியிலேயே அவருடைய நாற்காலியிலேயே உட்காரவைத்தார். அது மெல்ல உயர்ந்ததும், "இறக்குங்க, இறக்கிடுங்க," என்று கைப்பிடியைக் கட்டிக்கொண்டார் டாக்டர். நாலைந்து லீவு நாள் இப்படிப் போனது. கடைசியில் கண்ணைத் திறந்தபடியே படுக்கப் பழகிவிட்டார்.

இனி பிடுங்க ஆள் வேண்டும். எதிர்ச் சாரியில் கடை போட்டிருந்த இன்னொரு பல் டாக்டர்தான் கிடைத்தார். இருவருக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவர் இடுக்கியோடு வந்தார், நம்மவர் வாயைத் திறந்ததும் இரண்டடி பின்னால் போனார்.

"என்னால முடியாதும்மா. தப்பாப் போச்சுன்னா வேணும்னே செஞ்சேன்னு ஊரே சொல்லும். கை ஓடல."

பல்லக்கா இடதுபக்கம் ஒருவரிடமும், பிறகு ஆளே முழுசாகத் திரும்பி வலப்பக்கம் இன்னொருவரிடமும் மாறி மாறிப் பேசினார். இரண்டு டாக்டர்களும் ஒன்றாக மூச்சை இழுத்துவிட்டார்கள். எதிர்ச் சாரி டாக்டர் இடுக்கியைப் போட்டு இழுத்தார், பல் கையோடு வந்துவிட்டது.

"இவ்வளவுதானா?" என்றார் டாக்டர், பஞ்சைக் கடித்தபடி.

பல்லக்கா இதைக் கணவரிடம்கூட மூச்சுவிடவில்லை. தொழில் தர்மம் அது. ஆனால் டாக்டருக்கு வாய் நிற்கவில்லை. தன் நாற்காலியில் படுக்கிறவர்களிடமெல்லாம், கொக்கியை உள்ளே விட்ட பிறகு கதையைச் சொல்வார். "நீங்களும் அந்தம்மாவ ஒரு தடவ பாத்துட்டு வாங்க, என்ன?" என்பார். அவர்கள் "ஆ" என்பார்கள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அங்கேயே போன் போட்டு நேரம் குறித்துக் கொடுத்துவிடுவார்.

அப்படி வேண்டாவெறுப்பாக வந்தவர்கள் பிறகு விரும்பியே வந்தார்கள். ஏணி ஏறப் பயந்த தீயணைப்புக்காரர் வந்தார். அண்ணனோடு பேச்சை நிறுத்தியிருந்த தபால்காரரும் வந்தார், அண்ணன் வீடு அவர் தபால் கொடுக்கிற தெருவிலேயே இருந்ததால் அண்ணனுக்கு வரும் கடிதங்களை அவர்தான் கொடுக்க வேண்டியிருந்தது. பல்லக்கா பக்கத்து அறையையும் பிடித்தார். வருகிறவர்களை உட்காரவைக்கவும் நேரம் குறிக்கவும் கணவரின் அக்காவான நாத்தனாரை வேலைக்கு வைத்தார்.

அங்கேதான் வினை. காத்திருப்பவர்களிடம் நாத்தனார், "என்ன விஷயம், சும்மா சொல்லுங்க," என்று ஆரம்பித்து, அழவைத்து, தண்ணீர் கொடுத்து, "இதுக்குப் போயா? போய் வேலையப் பாருங்க," என்று தேற்றி அனுப்பிவிடுகிறார். பாதிப் பேர் உள்ளே வருவதே இல்லை.

கண்டித்துவிடலாம் என்று ஒருநாள் பல்லக்கா அவரை உள்ளே கூப்பிட்டார். "உக்காருங்க அண்ணி. ஏன் இப்படிச் செய்றீங்க?"

நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்தார். "என்னை இதுவரைக்கும் யார் அப்படிக் கேட்டாங்க, சொல்லு," என்று ஆரம்பித்தவர், இருட்டும்வரை நிறுத்தவில்லை. எழுந்து போகும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் மேஜையிலிருந்த நேரம் குறிக்கும் குறிப்பேட்டில் இனி வரும் புதன்கிழமைகளில் எல்லாம் தன் பெயரையே எழுதிவைத்துவிட்டுப் போனார்.